மிதமான மழைக்கு வாய்ப்பு

சூசையார்பட்டி,
விளாத்திகுளம் வழி.
செப்டம்பர் 18

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

சாஜன் எழுதுவது. நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

"பகல் பூரா மைக் முன்னால கத்திட்டு வாரேன். சாயங்காலம் போன்ல உங்ககூடவும் சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. சொல்லணும்னா எழுதுங்க" என்று ஜூன் மாதம் நீ சொன்னாய். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தாராவியில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிரித்துக்கொள். திருத்தி அனுப்பாதே.

விஷயம் இதுதான். இங்கே சொசைட்டியில் எல்லா விவசாயிகளின் போன் நம்பரையும் வாங்கினார்கள். மழை, விதைப்பு பற்றி வாரம் இரண்டு முறை போனில் தகவல் வரும் என்றார்கள். நானும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் காட்டில் வேலிக்கருவை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் உன் குரல். 'வணக்கம் விவசாய நண்பர்களே' என்கிறாய். நான் "ஜாக்குலின்!" என்று கத்திவிட்டேன். நீ பாட்டுக்கு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாய். செம்பூரில் உட்கார்ந்துகொண்டு எங்கேயோ இருக்கிற விவசாயிகளுக்கு நீ வானிலை வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த எங்கேயோ இந்த ஊர்தான் என்று தோன்றியதே இல்லை.

அக்டோபர் முதல் வாரம் இந்தப் பகுதியில் மிதமான மழைக்கு வாய்ப்பு என்றாய். மானாவாரி நிலத்தில் மழைக்கு முன்பே உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிடலாம் என்றாய். பக்கத்துக் காட்டுக்காரர் பூலோகம் அண்ணாச்சி பொறுக்கச் சொல்கிறார். ஆனால் அவரே, "முந்தியெல்லாம் மேகத்தப் பாத்துச் சொல்லிருவேன் தம்பி. இப்போ எனக்கும் ஒண்ணும் புரியல" என்கிறார்.

எனக்கு என்ன தெரியும்? பட்டறையை மூடுகிற வரைக்கும் தோல்பை தைத்தவன். அப்பா மரியசூசை விட்டுப்போன நிலம் கருவை மண்டிக் கிடக்கிறதே என்று வந்தவன். அதனால் உன்னைக் கேட்கிறேன். மைக் முன்னால் சொல்வது போல் இல்லாமல் என் பெண்சாதியாகச் சொல். விதைக்கவா?

சாஜன்

*

தாராவி,
செப்டம்பர் 25

சாஜனுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தை நன்றாக இருக்கிறார்கள் என்று எழுத ஆசைதான். முழங்கால் வீக்கம் குறையவில்லை. சயான் ஆஸ்பத்திரியில் காலையில் போய் வரிசையில் நின்றால் மத்தியானம்தான் வெளியே வர முடிகிறது. அங்கிருந்து அத்தையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் செம்பூர் பஸ்ஸைப் பிடிக்கிறேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குப் போவதென்று முடிவு செய்தீர்கள். டிக்கெட் எடுத்த பிறகு 'நீயும் வா' என்றீர்கள். நான் வரமாட்டேன் என்றதும் உங்கள் அம்மாவை என்னோடு விட்டுவிட்டு ரயிலேறினீர்கள். இப்போது விதைக்கவா என்று கேட்டு எழுதுகிறீர்கள்.

நான் வானத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் சார் வருவார். அவர்தான் கம்ப்யூட்டரில் வரும் கணக்கைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர். அவர் தாளைக் கொடுப்பார், நான் வாசிப்பேன். வாசிக்கும் அறை ஒரு பீரோ அளவுக்குத்தான் இருக்கும். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. ஏசி சத்தம் பதிவாகிவிடும் என்று அணைத்துவிடுவார்கள். 'குளிர்ந்த காற்று வீசக்கூடும்' என்று நான் வாசிக்கும்போது முதுகில் வேர்த்து ஊற்றும். நான் வெளியே வந்ததும் சஃப்ரீன் உள்ளே போய் இதையே இந்தியில் வாசிப்பாள். இவ்வளவுதான் என் வேலை.

'வாய்ப்பு' என்றுதான் தாளில் இருந்தது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தயவு செய்து ஊரில் யாரிடமும் நான் உங்கள் மனைவி என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் சாப்பிடுதானாட்டி? அந்தக் காட்டுல ஒண்ணும் வெளையாதுன்னுதான நானும் அவங்கப்பனும் ரயிலேறினோம். இவன் எதத் தேடிட்டுப் போயிருக்கான்?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஜாக்குலின்

*

சூசையார்பட்டி,
அக்டோபர் 2

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் இரண்டு காரியமும் நடந்துவிட்டன. விதைத்தும்விட்டேன், சொல்லியும்விட்டேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. டீக்கடையில் யாரோ உன் தகவலை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர், "யாரு இந்தப் புள்ள? நம்ம பக்கத்துப் பேச்சு லேசா அடிக்கே" என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை. "எம் பொண்டாட்டிதான். பாம்பேல இருந்து பேசுதா" என்று சொல்லிவிட்டேன். ஜாக்குலின், வந்த நாளிலிருந்து என்னை இங்கே எல்லோரும் 'பொம்பாய்க்காரன்' என்றுதான் கூப்பிட்டார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவன் என்று சிரித்தார்கள். அன்றைக்குத்தான் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஆசையில் சொன்னது.

பூலோகம் அண்ணாச்சி கேட்டார்: "ஒம் பொண்டாட்டியா சொல்லுதா? புருசன் காட்டுக்கும் சேத்துத்தான சொல்லுதா? அப்ப யோசிச்சுத்தான் சொல்லுவா." மறுநாள் அவரும் விதைப் பையை இறக்கிவிட்டார். அதைப் பார்த்துத் தெருவே விதைத்தது.

நீ சொன்னபடி விதையை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தித்தான் போட்டேன். இப்படிச் செய்தால் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும் என்று சொன்னாயே. கையெல்லாம் கொப்புளம். ராத்திரி தோசைக்கரண்டி பிடிக்க முடியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. தையல் மெஷினில் பை தைத்து முடித்தால் அது அங்கேயே தீர்ந்துபோகும். இது மண்ணுக்குள் கிடந்து என்னைக் காத்திருக்கச் சொல்கிறது.

அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

சாஜன்

*

தாராவி,
அக்டோபர் 16

சாஜனுக்கு,

அக்டோபர் பாதியாகியும் இங்கே மழை விடவில்லை. திங்கட்கிழமை சாக்கடைத் தண்ணீர் நம் ஒற்றை அறைக் கோலிக்குள் வந்துவிட்டது. அத்தையைக் கட்டில் மேல் உட்காரவைத்து, கேஸ் அடுப்பை அலமாரி மேல் ஏற்றி, வாளி வாளியாக வெளியே ஊற்றினேன். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஈரச் செருப்போடு ஆபீசுக்குப் போனேன். போய் உங்கள் பகுதிக்கு 'மிதமான மழைக்கு வாய்ப்பு' என்று வாசித்தேன். இதே வாக்கியத்தை வாரா வாரம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு துளி விழவில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் அந்த வரைபடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வாசித்து முடித்ததும் வேங்கடசுப்ரமணியன் சாரிடம் நேராகக் கேட்டேன். "சார், விதைச்சவங்க என்ன செய்வாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம வாய்ப்புன்னுதானேம்மா போட்டிருக்கோம்?"

"கேக்குறவங்களுக்கு அது வாய்ப்புன்னு கேக்கல சார். வரும்னு கேக்குது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "முப்பது வருஷத்துச் சராசரியை வெச்சுண்டுதான் எல்லாரும் கணக்குப் போடறோம். அந்த முப்பது வருஷம் போயிடுத்தும்மா. இனிமே வரப்போறதுக்குச் சராசரியே கிடையாது" என்றார். வழக்கமாக எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்றைக்கு மிகவும் அலுத்துப்போயிருந்தார்.

'மழை பெய்யாமலும் போகலாம், விதையைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். மேலே கேட்க வேண்டும் என்றார். மேலே என்பது யார் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஏன் அவர்களிடம் சொன்னீர்கள்? நீங்கள் மட்டும் விதைத்திருந்தால் அது நம் வீட்டு நஷ்டம். இப்போது ஒரு தெருவின் நஷ்டத்தையே என் வாய்ச்சொல் மேல் ஏற்றிவிட்டீர்கள்.

ஜாக்குலின்

*

சூசையார்பட்டி,
அக்டோபர் 29

ஜாக்குலின்,

விதை போய்விட்டது. பாதியை எறும்பு இழுத்துக்கொண்டு போனது, கொஞ்சத்தை மயில் கிளறித் தின்றது. மிச்சம் மண்ணுக்குள்ளேயே வெந்துவிட்டது. தோண்டிப் பார்த்தேன். விரலில் மாவாக வந்தது.

பூலோகம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்று, "ஒம் பொண்டாட்டிகிட்டக் கேட்டுச் சொல்லு தம்பி, அடுத்து என்ன செய்யணும்னு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. டீக்கடையில் உன் தகவலைப் போட்டுச் சிரிக்கிறார்கள். நீ 'வாய்ப்பு' என்று சொல்லும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். போனையும் அணைத்து வைத்துவிட்டேன்.

மழை வரும் என்று சொன்னதும் ஊருக்கு வரமாட்டேன் என்று சொன்னதும் ஒரே குரல்தான். இரண்டாவது மட்டும்தான் பலித்தது.

சாஜன்

*

தாராவி,
நவம்பர் 12

சாஜனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை வழக்கம் போல் தாள் வந்தது. மீண்டும் மழைக்கு வாய்ப்பு, மீண்டும் விதைக்கலாம். ரெக்கார்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆதர்ஷுக்குத் தமிழ் பாதிதான் புரியும். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பையன், வீட்டில் பேசுவதோடு சரி. தாளில் இருந்ததை வாசித்து முடித்தேன். நிறுத்தவில்லை. "நண்பர்களே, இது உறுதி இல்லை. எங்களுக்கும் தெரியாது. இருக்கிற விதையை எல்லாம் ஒரே தடவையில் போட்டுவிடாதீர்கள். பாதியை வீட்டில் வையுங்கள்" என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம். ஆதர்ஷ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மறுநாள் காலை அது எல்லா ஊருக்கும் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் போன் மேல் போன். சார் என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா பண்ணிட்டே?" என்றார். அவர் அந்தப் பதிவை மறுபடி போட்டு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"வாக்கியத்திலே தப்பில்லே. நானே ரெண்டு தடவை எழுதி மேலே அனுப்பிச்சேன். ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும்னு வெட்டிட்டா" என்றார்.

"இனிமே என்ன சார்?"

"தெரியலை. நீ ஆத்துக்குப் போம்மா. ரெண்டு நாள் ரெஸ்ட் எடு. நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அத்தை என் தலைமாட்டில் உட்கார்ந்து, "வேல போச்சாட்டி?" என்றார்கள். தெரியவில்லை என்றேன். "போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வரமாட்டேன் என்று சொன்னது நான்தான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். உங்கள் நிலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் போனீர்களே, அதன் மேல்தான்.

ஜாக்குலின்

*

சூசையார்பட்டி,
நவம்பர் 24

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

போன கடிதத்தின் கடைசி வரிகளை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். நான்தான் எழுதினேன். இருந்தாலும் அப்படி வைத்துக்கொள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாச்சி காட்டுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. போனை என் காதில் வைத்து, "கேளு தம்பி, கேளு" என்றார். நீ 'எங்களுக்கும் தெரியாது' என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அண்ணாச்சி, "இத்தன வருசத்துல எந்த ஆபீசராவது தெரியாதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? எனக்குத் தெரியலையேன்னு நாந்தான் வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். டீக்கடையில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லையாம்.

மழை வந்தது ஜாக்குலின். போன வாரம் மூன்று நாள், நிதானமாக. எங்கேயோ கடன் சொல்லி, மிச்சம் மீதியைத் துழாவி, எல்லோரும் விதை சேர்த்துவிட்டோம். பாதியைப் போட்டோம், பாதியைக் கட்டி வைத்திருக்கிறோம். நான் போட்டது முளைத்துவிட்டது. காலையில் போய் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு வருகிறேன். வரப்பில் வைக்கச் சொல்லி சொசைட்டியில் கொடுத்த வேப்பங்கன்றுகள் வெயிலில் கருகிவிட்டன என்று விட்டிருந்தேன். அதில் ஒன்றிரண்டு துளிர்க்கிறது. இதையும் நிச்சயம் என்று எழுதவில்லை.

வேலை என்ன ஆயிற்று? உன்னை ஒன்றும் செய்துவிட மாட்டார்களே?

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எந்தக் காலுக்கு வீக்கம் என்றுகூட நான் கேட்கவில்லை.

சாஜன்

*

தாராவி,
டிசம்பர் 6

சாஜனுக்கு,

இடது கால்.

வேலை போகவில்லை. போகாமல் வேறு ஒன்று நடக்கிறது. திங்கட்கிழமை ஆதர்ஷ் என்னைக் கூப்பிட்டு, "மேடம், ஏக் மினிட், இதக் கேளுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தான். என் குரல் பேசியது. நான் இதுவரை வாசிக்காத ஊர்களின் பெயர்களைச் சொல்லி, அங்கெல்லாம் மேகமூட்டம் என்றது. மூச்சு வாங்கவில்லை. தொண்டை கமறவில்லை. நான்கு வருடமாக நான் வாசித்த பதிவுகளைக் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு என்னைப் போலப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். "நல்லா வந்திருக்கு இல்ல மேடம்?" என்று கேட்டான். கெட்ட பையன் இல்லை. என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்துத்தான் கேட்டான்.

இனி ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகச் சொல்லலாம், தினமும் சொல்லலாம் என்கிறார்கள். அது உண்மைதான். ஒரு மனுஷியால் அவ்வளவு வாசிக்க முடியாது. தாளில் இல்லாத வரியை அது சேர்க்காது என்பதையும் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டேன். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். சஃப்ரீன் போட்டுவிட்டாள். குர்லாவுக்கு ஒன்றாக ஆட்டோவில் போகும்போது, "நாம போடலேன்னா வேற ஒருத்தி போடுவா ஜாக்கி. பஸ், ஹோ கயா, முடிஞ்சு போச்சு" என்றாள். ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

நான் இன்னும் போடவில்லை. யோசிக்கவும் முடியவில்லை. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, அத்தையைக் குளிக்கவைத்து, பஸ்ஸில் நின்று, பேசி, பஸ்ஸில் நின்று, சமைத்து. இதற்கு நடுவில் என் குரல் யாருடையது என்று எப்போது உட்கார்ந்து யோசிப்பேன்?

பயிர் நன்றாக வரட்டும்.

ஜாக்குலின்

*

சூசையார்பட்டி,
டிசம்பர் 26

ஜாக்குலினுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சொசைட்டி ஆள் போனிலிருந்து அனுப்பிய செய்தி கிடைத்திருக்கும். என் போன் தண்ணீரில் போய்விட்டது.

கனமழைக்கு எச்சரிக்கை என்று உங்கள் ஆபீசிலிருந்து முன்பே சொன்னீர்கள். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வந்தது அந்தச் சொல்லுக்குள் அடங்குகிற மழை இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் வானம் நிறுத்தாமல் கொட்டியது. கண்மாய் உடைந்து, ஓடை எது காடு எது என்று தெரியாமல் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் கோயில் மாடியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி தன் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துத் துண்டால் துவட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் இல்லை என்று அழுத அதே காட்டைத் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தோம்.

பயிர் அழுகிவிட்டது. முழங்கால் உயரம் வந்த சோளம். கட்டி வைத்திருந்த பாதி விதையில் என்னுடையதும் நனைந்துவிட்டது, கூரை ஒழுகி. அண்ணாச்சியும் இன்னும் சிலரும் பரணில் வைத்திருந்ததால் தப்பியது.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு எல்லோரும் சேற்றுக் காலோடு வந்திருந்தார்கள்.

சாஜன்

*

தாராவி,
ஜனவரி 6

சாஜனுக்கு,

அந்த இரண்டு நாளும் நான் ஆபீசில் இருந்தேன். கம்ப்யூட்டர் குரல் இன்னும் தயாராகவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை வாசிக்க வேண்டும். மேட்டுப் பகுதிக்குப் போகச் சொல்லி ஊர் ஊராக வாசித்தேன். உங்கள் ஊர்ப் பெயர் வந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அடுத்த ஊர்ப் பெயரை வாசித்தேன்.

இரண்டாவது நாள் சாயங்காலம் குரல் நின்றுவிட்டது. காற்றுதான் வந்தது. சார் என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு அந்தப் பீரோவுக்குள் போய் அவரே வாசித்தார். நீங்கள் சொல்லியனுப்பிய செய்தி மூன்றாவது நாள்தான் வந்தது. அதுவரைக்கும் நானும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. போடுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டேன். முதலில், ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே இது இயந்திரக் குரல் என்று சொல்ல வேண்டும். அப்புறம், எங்களுக்கும் தெரியாது என்ற வரியும் விதையைப் பாதி வைக்கச் சொல்லும் வரியும் இருக்க வேண்டும். என் தொண்டை சரியாகாததால் எழுதித்தான் கொடுத்தேன். சார் அதை வாங்கிக்கொண்டு மேலே போனார். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் வெளியே கேட்டது. அவர் இப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லையாம்.

முதலாவதை ஒப்புக்கொண்டார்கள். விதையைப் பாதி வைக்கச் சொல்வதையும் ஒப்புக்கொண்டார்கள். 'எங்களுக்கும் தெரியாது' என்பதை மட்டும் 'இது உறுதியான தகவல் அல்ல' என்று மாற்றிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒன்று இல்லை. ஆனால் எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

மாதம் ஒரு தடவை வந்து கம்ப்யூட்டர் சரியாக உச்சரிக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதுமாம்.

ஜாக்குலின்

*

சூசையார்பட்டி,
ஜனவரி 18

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

நேற்று முதல் தகவல் வந்தது. டீக்கடையில் எல்லோரும் கேட்டோம். 'வணக்கம். இது இயந்திரக் குரல்' என்று உன் குரல் சொன்னது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். "அந்தப் புள்ள இனிமே பேசாதா?" என்று கேட்டார்கள். பேசாது என்றேன். அண்ணாச்சி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"அப்ப இனிமே மழ பெய்யலேன்னா யாரத் திட்ட?" என்றார்.

ஒருவர், "மிசினத் திட்டி வையும்" என்றார்.

"மிசின வஞ்சு என்னத்துக்குடே? அதுக்கு வீட்டுக்குப் போயி மனசு கஷ்டப்படுமா?" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் அவர் பரணில் இருந்த உளுந்து விதையில் எனக்கும் ஒரு பங்கு அளந்து கொடுத்தார். வெள்ளத்தில் வந்த ஈரம் கரிசலில் இன்னும் இருக்கிறது. அந்த ஈரத்தை நம்பி இன்று காலை இருவரும் சேர்ந்து விதைத்தோம். பருவம் தப்பித்தான் போட்டிருக்கிறோம். வந்தால் வரும். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் யாருக்கும் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இனி ஒரு மாதம் இங்கே பெரிய வேலை இல்லை. காட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் அங்கே வருகிறேன். அம்மாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். காலைத் தண்ணீரை நான் பிடிக்கிறேன். உன்னை ஊருக்குக் கூப்பிட வரவில்லை. அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். திரும்பி இங்கே வருவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தத் தடவை முதலில் கேட்கிறேன். வரட்டுமா?

சாஜன்

*

தாராவி,
ஜனவரி 27

சாஜனுக்கு,

வாருங்கள்.

தாதரில் இறங்கி டாக்சி பிடிக்காதீர்கள், தெருவை மறுபடி தோண்டியிருக்கிறார்கள், உள்ளே விட மாட்டான். சயானில் இறங்கி நடந்து வாருங்கள். தண்ணீர் இப்போது விடியும் முன்பே வந்துவிடுகிறது, நீல டிரம்மை முதலில் நிரப்ப வேண்டும், பச்சை டிரம் ஒழுகும். அத்தையின் ஆஸ்பத்திரிச் சீட்டு அரிசி டப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. புதன்கிழமைதான் எலும்பு டாக்டர். அத்தை வலிக்கவில்லை என்று டாக்டரிடம் பொய் சொல்வார்கள், நம்பாதீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றதும், "வரட்டும், அந்தக் காட்டைப் பத்தி ஏதாச்சும் பேசினான்னா கம்பால அடிப்பேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே எதிர்க் கோலி அம்மிணி அக்காவை அனுப்பி உங்களுக்குக் கருவாடு வாங்கி வைத்துவிட்டார்கள்.

உளுந்து இதற்குள் முளைத்ததா என்று தெரியவில்லை. வந்து சொல்லுங்கள்.

என் தொண்டை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. டாக்டர் பேசாமல் இருக்கச் சொன்னார். அத்தையிடம் கையைக் காட்டித்தான் பேசுகிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சாவியை அம்மிணி அக்காவிடம் கொடுத்து வைக்கிறேன். உங்கள் ரயில் விடியற்காலையில்தான் வரும், அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எழுப்பாதீர்கள். அத்தைக்கு முதலில் டீ போட்டுக் கொடுங்கள், அப்புறம் மாத்திரை. என்னை மட்டும் எழுப்பாதீர்கள்.

ஜாக்குலின்